ஊருக்குத் திரும்பச் சொல்லும் முன்



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இல்லாதவர்கள் ஞாயிற்றுக்கிழமை படித்துக்கொள்ளுங்கள்.

நம் பழைய மாணவர் குழுவில் ஒரு ஜப்பான் கிராமத்தின் வீடியோ சுற்றிக்கொண்டிருக்கிறது. நகோரோ என்று பேர். ஷிகோகு தீவில், தொகுஷிமா மாகாணத்தில், ஒரு மலைப் பள்ளத்தாக்கில் இருக்கிறது. மனிதர்கள் முப்பது பேர்கூட இல்லை. அதைவிடப் பல மடங்கு துணிப் பொம்மைகள் இருக்கின்றன. பஸ் நிறுத்தத்தில் பொம்மை, வயல் ஓரத்தில் பொம்மை. ஒசாகா நகரத்திலிருந்து சொந்த ஊருக்குத் திரும்பி வந்த ட்சுகிமி அயானோ என்ற அம்மா, செத்துப்போனவர்களையும் ஊரை விட்டுப் போனவர்களையும் நினைத்து ஒவ்வொன்றாகத் தைத்து வைத்திருக்கிறார். 2012-இல் அந்த ஊர்ப் பள்ளியை மூடிவிட்டார்கள். இப்போது வகுப்பறையில் வாத்தியார் பொம்மையும் பிள்ளைகள் பொம்மையும் உட்கார்ந்திருக்கின்றன. முப்பது வருடத்துக்கு மேல் சாக்பீஸ் பிடித்த எனக்கு அந்த இடத்தில் வீடியோவை நிறுத்திவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடிக்க வேண்டியிருந்தது.

பாதிக்கு மேல் ஆட்கள் 65 வயதைத் தாண்டி, ஊர்க் காரியத்தை எடுத்துச் செய்ய ஆள் இல்லாமல் போன கிராமங்களுக்கு ஜப்பானில் தனியாக ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள். 'எல்லையில் நிற்கும் ஊர்' என்பது மாதிரிப் பொருள். ஓனோ அகிரா என்ற சமூகவியலாளர் கொடுத்த பெயர் அது.

இதெல்லாம் சரி. வீடியோவுக்குக் கீழே நம் பிள்ளைகள் எழுதியதுதான் இந்தப் பதிவுக்குக் காரணம். "ஐயா, நம்ம ஊரும் இப்படித்தான் ஆகப்போவுது. பெங்களூரு, ஓசூருன்னு ஓடினது போதும். எல்லாரும் ஊருக்குத் திரும்பி தாத்தா பாட்டி மாதிரி வாழணும்." இதற்கு நாற்பது பேர் கைகூப்பி வைத்திருந்தீர்கள். என் சித்தப்பா மகன், பெங்களூரில் இரண்டு வீடு கட்டி வாடகைக்கு விட்டிருப்பவன், அவனும் வைத்திருந்தான்.

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஊர் காலியாவது பற்றி எனக்கும் கவலைதான். ஆனால் தாத்தா பாட்டி வாழ்ந்த மாதிரி என்று சொல்கிறீர்களே, அதை யோசித்துத்தான் சொல்கிறீர்களா?

வரலாறு நடத்தினவன் என்பதால் சொல்கிறேன். நம் மாவட்டத்துக்குத் தகடூர், அதியமான், ஔவைக்குக் கொடுத்த நெல்லிக்கனி என்று பெருமையான வரலாறு இருக்கிறது. ஆநிரை மீட்டுச் செத்தவர்களுக்கு நட்ட நடுகற்கள் இந்த மண் முழுக்கக் கிடக்கின்றன. அதோடு கூட இன்னொரு வரலாறும் இருக்கிறது. பெண் பிள்ளை பிறந்தால் கள்ளிப்பால். 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தை 2001-இல் எந்த எந்த மாவட்டத்துக்கு நீட்டினார்கள் தெரியுமா? மதுரை, தேனி, திண்டுக்கல், அப்புறம் நம் தருமபுரி. காரணம் இல்லாமல் நீட்டவில்லை.

அப்புறம் பல். என் வகுப்பில் படித்த பலருக்கு நினைவிருக்கும். முன்பல்லில் பழுப்புக் கறை. குரூப் போட்டோ எடுக்கும்போது வாயை மூடிக்கொண்டு சிரிக்கும் பிள்ளைகள். நிலத்தடி நீரில் இருந்த ஃபுளோரைடு செய்த வேலை. சிலருக்கு முட்டி வளைந்து, முதுகு விறைத்து, நாற்பது வயதிலேயே கிழடு தட்டியது. அதை 'தலைவிதி' என்று சொல்லிக்கொண்டு தாத்தாவும் பாட்டியும் அதே கிணற்றுத் தண்ணீரைக் குடித்தார்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2008-இல் அடிக்கல் நாட்டி 2013-இல் தொடங்கிவைக்கப்பட்டது. ஏறத்தாழ 1,900 கோடி ரூபாய்த் திட்டம். பெரும்பகுதிப் பணம் எங்கிருந்து வந்தது? ஜப்பான் கடன். பொம்மைக் கிராமத்து வீடியோவைப் பார்த்து உருகும் நாம் இதையும் ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்கலாம். தன் மலைக்கிராமத்தைக் காப்பாற்ற முடியாத அதே நாட்டுப் பணத்தில்தான் நம் பேரப்பிள்ளைகள் காவிரித் தண்ணீர் குடிக்கிறார்கள்.

சரி, நல்ல உதாரணத்துக்கு வருகிறேன். ஜப்பான் வரைக்கும் போக வேண்டாம். அரூரிலிருந்து தீர்த்தமலை, கோட்டப்பட்டி வழியாகப் போனால் சிட்லிங்கி. ஒரு பக்கம் கல்வராயன் மலை, இன்னொரு பக்கம் சித்தேரி மலை, நடுவில் பள்ளத்தாக்கு. இருபதுக்கும் மேற்பட்ட சிற்றூர்கள். பெரும்பாலும் மலையாளிப் பழங்குடியினர், கூடவே இரண்டு லம்பாடித் தாண்டா. (மலையாளி என்றால் மலையை ஆளும் மக்கள், கேரளத்துக்காரர்கள் இல்லை. காஞ்சிபுரத்திலிருந்து மூன்று அண்ணன் தம்பிகள் வந்து ஆளுக்கு ஒரு மலைக்குப் போனதாக அவர்களுக்கு ஒரு கதை உண்டு.)

1993-இல் கேரளத்தில் மருத்துவம் படித்த ரெஜி ஜார்ஜ், லலிதா என்ற டாக்டர் தம்பதி இங்கே வந்தார்கள். கேரள மலையாளிகள் நம் மலையாளிகளைத் தேடி வந்தது வேடிக்கையான பொருத்தம்தான். அப்போது இந்தப் பள்ளத்தாக்கில் பிறந்த 1,000 குழந்தைகளில் 147 குழந்தைகள் ஒரு வயதுக்குள் செத்துக்கொண்டிருந்தன. ஏழில் ஒன்று. கணக்குப் பாடத்தில் சுலபமாகச் சொல்லிவிடலாம். வீட்டுக்கு வீடு எண்ணிப் பாருங்கள். பக்கத்து ஆஸ்பத்திரிக்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர். பாம்பு கடித்தவரும் பிரசவ வலி கண்டவளும் அந்த 50 கிலோமீட்டரில்தான் செத்தார்கள்.

ஊர் மக்கள் கூடிக் கட்டிக் கொடுத்த கூரைக் குடிசைதான் முதல் ஆஸ்பத்திரி. 'பழங்குடி நலவாழ்வு' வேலை என்று தொடங்கி, உள்ளூர்ப் பெண்களையே நர்ஸாகப் பயிற்றுவித்தார்கள். ஒவ்வொரு ஊரிலும் ஊரார் தேர்ந்தெடுத்த ஒரு பெண்ணுக்கு அடிப்படை மருத்துவம் சொல்லிக் கொடுத்தார்கள். எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. வெளியூர் நர்ஸ் எப்போதும் மாற்றலுக்கு மனுப் போட்டுக்கொண்டேதான் இருப்பார் (நாங்கள் வாத்தியார்களும் அப்படித்தான், மறைக்க என்ன இருக்கிறது). உள்ளூர்ப் பெண் எங்கே போவாள்? குழந்தை இறப்பு அந்த 147-லிருந்து இருபதை ஒட்டி இறங்கியது.

இது நடந்த காலத்தைக் கொஞ்சம் பாருங்கள். 1993. அதற்கு முந்தின ஆண்டு, 1992 ஜூன் 20, அதே சித்தேரி மலை அடிவாரத்தில் வாச்சாத்தி. சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை மூன்றும் சேர்ந்து ஊருக்குள் போயின. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். வீடுகளை உடைத்தார்கள், தானியத்தைக் கொட்டினார்கள், கிணற்றைப் பாழாக்கினார்கள். 269 பேர் மீது வழக்கு. தருமபுரி நீதிமன்றம் 2011 செப்டம்பர் 29-இல் தீர்ப்புச் சொன்னபோது 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்றது. சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023 செப்டம்பர் 29-இல். சம்பவம் நடந்து 31 வருடம்.

ஏன் இதை இங்கே சொல்கிறேன்? அந்த மலையடிவாரத்து மக்களிடம் அரசாங்கம் ஆஸ்பத்திரியாக வருவதற்கு முன்னால் லத்தியாக வந்தது. காட்டை வெள்ளைக்காரன் காப்புக்காடு ஆக்கினான். அன்றிலிருந்து தாத்தா பாட்டி காலம் முழுக்க இந்த மக்கள் தங்கள் மலையிலேயே திருடர்கள். 2006-இல் வன உரிமைச் சட்டம் வந்தது. அதன்பிறகும் தமிழ்நாட்டில் பட்டா கொடுக்க முடியாமல் பல வருடம் நீதிமன்றத் தடையில் கிடந்தது. 'பழைய கிராம வாழ்க்கை' என்று சொல்லும்போது இந்தக் காகிதங்களும் அதற்குள் இருக்கின்றன.

இனி விவசாயத்துக்கு வருகிறேன்.

ஆஸ்பத்திரி வந்து பத்து வருடம் கழிந்தது. பிள்ளைகள் பிழைத்தார்கள், பிழைத்த பிள்ளைகள் பிழைப்புக்குத் திருப்பூர் போனார்கள். கொல்லைக்காட்டில் சாமை, ராகி, கம்பு போட்டவர்கள் பணப்பயிருக்கு மாறி, உரக்கடையிலும் மருந்துக்கடையிலும் கடன் வைத்திருந்தார்கள். மழை பொய்த்தால் கடன் மட்டும் வளர்ந்தது. அந்த நிலையில் 2004-இல் ஒரு சில விவசாயிகள் மட்டும் ரசாயனம் இல்லாமல் பயிர்வைக்கச் சம்மதித்தார்கள். அதுதான் பின்னால் சிட்லிங்கி இயற்கை விவசாயிகள் சங்கம் ஆனது. இன்று நூற்றுக்கணக்கான குடும்பங்கள் உறுப்பினர். மஞ்சள், சாமை, ராகி எல்லாவற்றையும் சங்கமே வாங்குகிறது. பெண்கள் குழு சிறுதானியத்தை மாவாகவும் பிஸ்கட்டாகவும் ஆக்கிப் பாக்கெட் போட்டு நகரத்துக்கு அனுப்புகிறது. லம்பாடித் தாண்டாவில் இரண்டு தலைமுறையாக விட்டுப்போயிருந்த கண்ணாடி, பாசி வைத்த பூத்தையல் வேலையை, தெரிந்த ஓரிரு பாட்டிமார்களிடம் கற்றுக்கொண்டு மறுபடி எடுத்தார்கள். 'போர்கை' என்று பேர். அவர்கள் மொழியில் பெருமை என்று அர்த்தமாம். பிள்ளைகள் படிப்புக்குத் 'துளிர்' என்று ஒரு மையமும் உண்டு; அதைப்பற்றி எழுதினால் வாத்தியார் புத்தி வந்து பதிவு இன்னும் நீளும், விட்டுவிடுகிறேன்.

இதில் சாமையைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். ஏனென்றால் இதில்தான் நம் ஆட்கள் தவறாகப் பேசுகிறார்கள். "ரேஷன் அரிசி வந்துதான் சாமையும் ராகியும் போச்சு, ஜனங்க சோம்பேறி ஆயிட்டாங்க" என்று என் உறவில் பலர் பேசக் கேட்டிருக்கிறேன். 2008-இல் கிலோ ஒரு ரூபாய், 2011-லிருந்து 20 கிலோ இலவசம். உண்மைதான், அதன்பிறகு சிறுதானியம் குறைந்தது. ஆனால் சாமையை யாராவது உரலில் போட்டுக் குத்திப் பார்த்திருக்கிறீர்களா? சாமைக்கு மேலே கெட்டியான உமி. ராகி மாதிரி நேராக ஏந்திரத்தில் போட்டு அரைக்க முடியாது. குத்தி, புடைத்து, மறுபடி குத்தி, புடைத்து, ஒரு வேளைச் சோற்றுக்கு இரண்டு பெண்கள் அரை நாள் உலக்கை பிடிக்க வேண்டும். காட்டு வேலையும் அவர்களே, தண்ணீரும் அவர்களே. ரேஷன் அரிசி வந்ததும் அந்த உலக்கையை அவர்கள் கீழே வைத்தார்கள். எங்கள் அம்மாவும்தான் வைத்தார். அவரைச் சோம்பேறி என்று சொல்பவன் முதலில் ஒரு படி சாமை குத்திக் காட்டட்டும்.

ஆக, சாமை திரும்ப வேண்டும் என்றால் உபதேசம் போதாது, உமி நீக்கும் எந்திரம் ஊருக்குள் வேண்டும். அரூர் சந்தையில் உமியோடு மூட்டையாக விற்றால் வியாபாரி சொன்னதுதான் விலை. உமி நீக்கிச் சுத்தம் செய்து விற்றால் அந்த லாபம் ஊருக்குள் நிற்கும். சிட்லிங்கியில் சாமையைப் பழையபடி ஆக்கவில்லை. குத்துகிற வேலையை எந்திரத்துக்கும் விற்கிற வேலையைச் சங்கத்துக்கும் கொடுத்தார்கள். பயிர் பழசு, ஏற்பாடு புதுசு.

ஜப்பானிலும் இதே மாதிரி ஒரு ஊர் உண்டு. நகோரோவை ஃபார்வர்டு செய்கிறவர்கள் யாரும் அதைச் செய்வதில்லை. ஓய்தா மாகாணத்தில் ஓயாமா என்ற மலையூர். சமவெளி நிலம் கொஞ்சம்தான். அரசாங்கம் நெல் போடு நெல் போடு என்று சொல்லிக்கொண்டிருந்த 1961-இல், எங்களுக்கு நெல் கட்டுப்படியாகாது என்று முடிவு செய்து, மலைச்சரிவில் பிளம்ஸ் வகையில் ஒன்றும் செஸ்ட்நட் என்ற கொட்டை மரமும் வைத்தார்கள். ஊர்த்தலைவர் சொன்ன கோஷம் கேட்டால் சிரிப்பு வரும்: மரத்தை நடுவோம், ஹவாய் தீவுக்கு டூர் போவோம் என்பது. சில வருடத்தில் உண்மையாகவே போனார்கள். நாள் முழுக்க முதுகு ஒடிய வேலை செய்தால்தான் விவசாயி என்ற நினைப்பை மாற்றி, படிப்பதற்கும் ஊர் சுற்றிப் பார்ப்பதற்கும் நேரம் ஒதுக்கினார்கள். விற்பதற்குக் கூட்டுறவுச் சங்கம். 1979-இல் அந்த மாகாண ஆளுநர் ஹிரமட்சு மொரிஹிகோ 'ஒரு ஊருக்கு ஒரு பொருள்' என்று இயக்கம் தொடங்கியதற்கு ஓயாமா போன்ற ஊர்களே முன்மாதிரி. இன்று பல நாடுகள் அதைப் படித்துப் பின்பற்றுகின்றன.

ஹவாய் போகலாம் என்று ஒரு விவசாயச் சங்கத் தலைவர் நம் ஊரில் சொன்னால் என்ன சொல்வோம்? "நாலு காசு பார்த்ததும் புத்தி மாறிப்போச்சு" என்போம். விவசாயி என்றால் கோவணமும் கண்ணீரும் என்று நாமே ஒரு பொம்மை தைத்து வைத்திருக்கிறோம்.

சிட்லிங்கியைச் சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. அங்கிருந்து இன்றும் வேலைக்கு வெளியே போகிறார்கள். மழை இல்லாவிட்டால் சங்கத்துக்கும் கஷ்டம்தான். அதைவிட என்னை உறுத்துவது வேறொன்று. வெளியிலிருந்து இரண்டு நல்ல டாக்டர்கள் வந்தார்கள், அதனால் ஒரு பள்ளத்தாக்கு பிழைத்தது. வராத பள்ளத்தாக்குகள்? அதே சித்தேரி மலையிலிருந்து செம்மரம் வெட்டப் போன கூலிகள் இருந்தார்கள். 2015 ஏப்ரல் 7-இல் ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் 20 பேரைச் சுட்டுக் கொன்றார்களே, அதில் நம் சித்தேரிப் பக்கத்து ஆட்களும் உண்டு. மலை ஒன்றே, மழை ஒன்றே, ஜனமும் ஒன்றே. மேலே விளைந்ததற்கு விலையும், கைக்கு எட்டும் தூரத்தில் கூலி வேலையும் இருந்திருந்தால் அவர்கள் ஆந்திரா லாரியில் ஏறியிருப்பார்களா? நல்லவர்கள் யாராவது தற்செயலாக வந்து சேர்ந்தால்தான் ஊர் பிழைக்கும் என்றால், அரசாங்கமும் ஊராட்சியும் எதற்கு?

இனிச் சொல்வது என் உறவினர்களுக்கும், நம் ஊர் பிள்ளைகளுக்கும். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வாருங்கள் என்று உங்களை நான் அழைக்க மாட்டேன். மூன்று ஏக்கர் மானாவாரி நிலத்தையும் ஆயிரம் அடிக்குக் கீழே போன போர்வெல்லையும் காட்டி, ஓசூரில் மாதச் சம்பளம் வாங்கும் பையனை வா என்றால் அது அவனுக்குச் செய்யும் துரோகம். அவன் பெண்டாட்டிக்கு இன்னும் பெரிய துரோகம். ஆனால் ஆடி மாதம் கூழ் ஊற்றவும், தைப் பொங்கலுக்கும் கார் போட்டுக்கொண்டு வருகிறீர்கள். வரும்போது நன்கொடை கொடுக்கிறீர்கள். கோயில் கோபுரத்துக்குக் கொடுத்தோம், கும்பாபிஷேகம் ஆயிற்று, சந்தோஷம். இப்போது ஊர் எல்லையில் சிமெண்ட் வளைவு கட்ட வசூல் நடக்கிறது. வளைவு எதற்கு? ஊருக்குள் நுழைகிறோம் என்று தெரியாமல் யாராவது தொலைந்து போனார்களா?

நம் ஊரில் இன்னும் சாமையும் கொள்ளும் போடுகிற குடும்பங்கள் இருக்கின்றன. நான் விசாரித்த வரையில் ஒன்பது. அவர்கள் உமியோடு மூட்டையை மொபெட்டில் வைத்துக் கட்டிக்கொண்டு சந்தைக்குப் போகிறார்கள். வளைவுக்குச் சேர்ந்த பணத்தில் உமி நீக்கும் எந்திரமும் அதற்கு ஒரு தகரக் கொட்டகையும் போட முடியுமா என்று கணக்குப் பார்க்கச் சொல்லி வசூல் கமிட்டியிடம் கேட்டிருக்கிறேன். 'சாமி காரியத்துல கை வைக்காதீங்க சார்' என்று ஒரு மாமன் முறைக்காரர் சொல்லிவிட்டார். கேட்பதை நிறுத்தப்போவதில்லை.

அடுத்தது கிராம சபை. வருடத்தில் ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. பாதிக்கு மேல் அரசு விடுமுறை. உங்கள் ஆபீஸும் லீவுதான். ஊர் வாக்காளர் பட்டியலில் பேர் இருக்கிற யாரும் உட்கார்ந்து பேசலாம். போன முறை போனேன். வந்திருந்தவர்களில் பாதிப்பேர் நூறு நாள் வேலைக்கு வந்த பாட்டிமார்கள். ஏரி மதகு பற்றிக் கேட்டது ஒரு பாட்டி மட்டும்தான். படித்தவர்கள், பொறியாளர்கள், கணக்காளர்கள் நாற்பது பேர் குழுவில் கைகூப்புகிறீர்களே, அதில் நாலு பேர் வந்து அந்தப் பாட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் மதகு பற்றின தீர்மானம் காகிதத்தில் ஏறும்.

உங்கள் பேர் ஊர்ப் பட்டியலில் இருக்கிறதா, பெங்களூருக்கு மாற்றிவிட்டீர்களா என்று முதலில் பார்த்துச் சொல்லுங்கள். அக்டோபர் 2-க்கு வருகிறவர்கள் கீழே எழுதுங்கள். மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில், சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும். சாமை மில்லில் உடைத்ததுதான், யாரும் உலக்கை பிடிக்க வேண்டாம்.